நீள்வெட்டு

இருபத்திரண்டு வருடமாக நான் கீறுவது எல்லாம்
கீழே போகிறது.
வாய்க்கால், கிளைவாய்க்கால், மதகு, வடிச்சல்.
நீர்ப்பாசனத் திணைக்களம், சம்மாந்துறை,
ஜன்னலோர மேசை.
ஆயிரத்துக்கு அரை சரிவு கொடு, தண்ணீர் தானாகப் போகும்
என்பதுதான் என் முழுப் படிப்பும்.

ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம்
அதே தாளில், அதே பென்சிலால்
மேலே போகிற ஒன்றைக் கீறினேன்.
நாற்பத்தாறு சென்ரிமீற்றர். மூன்று செட்டை.
எட்டிப்பார்த்த தவேந்திரன்
"என்ன மிஸ், புது மினாராவா?" என்றான்.

உடம்புக்கு, ரத்துச்செய்த வரைபடம் ஒன்றைக்
குழாயில் சுற்றிப் பசை பூசினேன்.
கட்டப்படாத ஓர் அணைக்கட்டு
அதற்குள் சுருண்டு கிடக்கிறது.
செட்டைக்கு கேக் பெட்டி அட்டை, மூன்று மடிப்பு.
மூக்குக்கு மரம் தேடி நிந்தவூர்க் கடற்கரைக்குப் போனேன்.
வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீராலெவ்வை
பழைய மிதப்புக்கட்டை ஒன்றை எறிந்தார்.
"காசு வேணாம். மறுகா வந்து என்ன நடந்ததெண்டு சொல்லுங்க."
மூன்று இரவு அரத்தாளால் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க உப்பு மணத்தது.

கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றவேண்டும்,
மூக்கு முன்னே போனால் சரி.
முதல்நாள் அது வாலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது,
வண்டியில் பூட்டப்போகும் மாடு
பின்வாங்குகிற மாதிரி.
மூக்குக்குள் வலை ஈயம் இரண்டு வைத்தேன்.
மூன்றாவதையும் வைத்தேன்.
முற்றத்தில் நின்ற ராத்தா "இவளுக்கு விசர்" என்று உள்ளே போய்
ஜன்னலால் பார்த்தா.

மோட்டார் ஒன்றே ஒன்று.
கொழும்பிலிருந்து, மூன்று கடிதமும் ஏழு கையொப்பமும் தாண்டி,
மெழுகுதிரித் துண்டளவில் ஒன்று.
பிழைத்துப்போனால்
இன்னொன்றுக்குப் பணம் கிடைக்கலாம்,
இன்னொரு கடிதத்துக்கு என்னிடம் மனமில்லை.

பொலிஸில் சார்ஜன்ட்
ரொக்கெட் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.
எடுக்கவில்லை.
வெளியே ஏதோ மோட்டார்சைக்கிள் சைலன்சரால் வெடித்துக்கொண்டு போனது,
இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தோம்.
சொல்லை வெட்டி
"விஞ்ஞான விளையாட்டுப் பொருள்" என்று எழுதினேன்.
விரல் நகர்ந்தது.

வட்டை விதானையார் சொன்னது ஒன்றுதான்:
"ஞாயிறு விடியச் சிறுபோகத் தண்ணி துறப்பாங்க,
அதுக்கு முதல் முடிங்க."
தெரியும்.
அந்த அட்டவணையைப் போட்டதே நான்தான்.
ஆனால் சனி முழுக்கக் காற்று.

ஞாயிறு காலை ஏழு மணி.
வெள்ளாமை வெட்டின வட்டையில் சுற்றிவரத் தண்ணீர் தெளித்து
முப்பது அடி வயர், மோட்டார்சைக்கிள் பட்டறி.
ஐந்து. நான்கு. "மிஸ், மாடு!"
மாடு அவசரப்படவில்லை.
திரும்பவும் ஐந்திலிருந்து.

சீறல்.
நான் தலையை நிமிர்த்தமுன்னம்
கொக்குகள் போகிற உயரத்தைத் தாண்டிவிட்டது.
கண்ணுக்கு மிஞ்சியது புகை கீறிய ஒரு கோடு,
அடிமட்டம் இல்லாமல், என் கை படாமல்,
கொஞ்சம் கடல்பக்கம் சாய்ந்து.
ஆறு விநாடி.
எங்கோ மேலே "டப்".
புடவைக்கடைப் பையில் வெட்டிய பரசூட்
கடையின் பெயரைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டு இறங்கி
நேரே வாய்க்காலுக்குள்,
அன்றைக்குத்தான் வந்த தண்ணீருக்குள்.

தவேந்திரன் ஓடினான். நான் ஓடவில்லை.
இந்த வாய்க்காலை நான் கீறியிருக்கிறேன்.
மூன்றாம் மதகுக்கு இருபது நிமிடம்.
சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்
மதகுக்கட்டில் இருந்து
தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தேன்.

பதினேழாவது நிமிடம் வந்தது.
அட்டை ஊறி, ஒரு செட்டை இல்லாமல்,
அணைக்கட்டின் மை கரைந்து.
மிதப்புக்கட்டை மட்டும் மூன்று ஈயத்தையும் சுமந்துகொண்டு
தன் பழைய வேலையைப் பார்த்தபடி.

மூன்று நிமிடம் முந்தி.
என் சரிவில் எங்கேயோ பிழை இருக்கிறது.
திங்கட்கிழமை பார்க்கவேண்டும்.